கொம்புத்தேனீயின் நடனம்

திருச்சிராப்பள்ளிப் புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில், செடிக்கொம்பிலே ஒற்றை அடை கட்டி வாழும் சிறுதேனீயே கொம்புத்தேனீ.

மலர்வளம் கண்டு மீளும் தேனீ நடனமாடித் தோழியர்க்கு வழிகாட்டும் என்பதைக் கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞர் ஐரோப்பியத் தேனீயிடம் கண்டறிந்தார். அத்தேனீ இருண்ட கூட்டினுள், செங்குத்தான அடைமீது ஆடுவது; கதிரவனுள்ள திசையை மேல்நோக்காகக் கொண்டு, கோணத்தால் வழி குறிப்பது. இத்துணை நுட்பமான குறிமொழி எங்ஙனம் தோன்றிற்று?

விடை தேடி, அவர் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கு வந்தார். ஆங்கே கொம்புத்தேனீ அடையின் உச்சி மேடையில், வெட்டவெளியில், மலருள்ள திசையை நேரே சுட்டி ஆடியது! இதுவே நடனத்தின் தொன்மை வடிவம் என அவர் கருதினார்.

ஒரு தேனீ கண்ட எள் வயலுக்கு இவ்வாறே பல தேனீக்கள் விரைகின்றன. அவற்றின் உடலில் ஒட்டிய மகரந்தமும் பூவுக்குப் பூ மாறுகின்றது.