வேலைக்கு ஆள் வேண்டும், குடியிருக்க வேண்டாமா?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூருக்கு வாடகைக் குடித்தனம் புதிதல்ல. 1993-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா இங்கே இருக்கிறது. மீனாட்சி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளியூர் மாணவர்களும் ஆசிரியர்களும் நர்ஸுகளும் அறை கேட்டு வருவது பல ஆண்டு வழக்கம். இப்போது இந்த மாவட்டத்தில் அறை தேடுவோர் அவர்கள் மட்டுமல்ல. சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் தொழிற்சாலைகளுக்கு மூன்று ஷிப்டுக்கும் ஆள் வேண்டும். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை கிடைக்குமா என்பதுதான் அந்தத் தொழிலாளர்கள் எல்லோருடைய கேள்வியும். 2022-இல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு மனை வாங்குவோரின் கணக்கும் மாறிவிட்டது. மனை விலை ஏறினால் அதன்மேல் கட்டும் அறையின் வாடகை மட்டும் எப்படிக் குறையும்?

தலைக்கு இவ்வளவு

வாடகைப் பலகைகளில் அடிக்கடி காணக் கிடைக்கும் வாசகம், ‘குடும்பத்துக்கு மட்டும்’. கல்யாணமாகாத இளைஞர், தனியாக வேலைக்கு வந்த பெண், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளி ஆகியோருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. திறக்கும் கதவுகளில் கணக்கு வேறு: வீட்டுக்கு வாடகை கிடையாது, தலைக்கு வாடகை. ஒரு ஹால், ஓர் அறை உள்ள போர்ஷனில் ஆறேழு பேர் தங்கினால், ஒரு குடும்பம் தரக்கூடிய வாடகையைவிட வீட்டுக்காரருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அதன் பலனாக, அதே தெருவில் ஒற்றைச் சம்பளத்தில் வாழும் குடும்பம் இன்னும் உள்ளே தள்ளிப்போக வேண்டியிருக்கிறது.

கரண்ட் பில்லிலும் இதே கதைதான். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிறது அரசு. சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் இடத்தில் அந்தச் சலுகை குடியிருப்பவர் கைக்கு வந்து சேர்வதே இல்லை.

இயந்திரத்துக்கு இடம்

நெய்வேலியும் திருச்சி பெல் நிறுவனமும் உருவானபோது ஆலையோடு நகரியமும் சேர்ந்து வந்தது. குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் திட்டத்தின் பகுதி. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட்டின் வேலை வேறு. நிலத்தைக் கையகப்படுத்தி, சாலையும் தண்ணீரும் தந்து, ஆலைக்கு ஒப்படைப்பது. தொழிலாளி எங்கே தூங்குவார் என்பது அந்த வரைபடத்தில் இல்லை. ஹூண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவந்தவர்கள் பக்கத்துக் கிராமத்து வீட்டுக்காரர்களும் ஹாஸ்டல் நடத்தும் கான்டிராக்டர்களும்தான்.

அந்த விடை எவ்வளவு பலவீனமானது என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அறைக்கு 6 முதல் 30 பேர் வரை தங்கவைக்கப்பட்ட நிலைமை அப்போதுதான் உலகச் செய்தியானது. விடுதிகள் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லவேண்டி வந்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது.

சாலை மறியலுக்குப் பிறகு அரசு அசைந்தது உண்மை. வல்லம் வடகாலில் 20 ஏக்கரில், 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண்கள் தங்கும் வளாகத்தைச் சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். வகுத்துப் பார்த்தால் ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ 3.77 லட்சம் ரூபாய். கான்டிராக்டர் விடுதியோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால், அந்தப் படுக்கை வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை போன அன்றே கூரையும் போகும் என்றால், சம்பளம் குறைவு என்று வாய் திறக்க யாருக்குத் துணிவு வரும்?

சட்டம் பார்ப்பதும் பார்க்காததும்

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை அடக்கிவைக்க நினைத்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ‘வாடகைக்கு விட்டால் வீடே போய்விடும்’ என்ற பயம் வீட்டுக்காரர்களுக்கு வந்தது. நாடு முழுவதும் நகர்ப்புறங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்ததாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. அந்தப் பூட்டுகளுக்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். ஆனால், எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நினைப்பு நல்லதுதான். நடப்பில், வாய்ப்பேச்சில் குடிபோகிறவர்களே அதிகம். பழைய குடித்தனக்காரர் புதிய ஒப்பந்தம் போடத் தவறினால், அதுவே அவரை வெளியேற்றக் காரணமாகலாம். காகிதம் இல்லாததன் தண்டனை பெரும்பாலும் காகிதம் கேட்கும் நிலையில் இல்லாதவர் தலையில்தான் விழுகிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அரசுக் கட்டடங்களும், நிறுவனம் தன் ஊழியருக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தரும் குடியிருப்புகளும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. பெண்கள் விடுதிகளுக்கு 2014-இல் தனிச் சட்டம் வந்தது. உரிமம், பாதுகாப்பு ஆகியவற்றை அது பார்க்கிறது. விடுதியில் படுக்கை எடுத்தவர் ஒரு குடித்தனக்காரர் என்ற எண்ணம் எங்கேயும் இல்லை.

சொந்த மனை உள்ளவர்

இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து ஊர்ச் சபைத் தேர்தல் கல்வெட்டுகளை நாம் பெருமையோடு காட்டுகிறோம். குடவோலையில் பெயர் எழுதப்பட, வரி கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. வாடகைக்கு இருப்பவர் அன்று சபைக்கு வெளியே. இன்று அரசியல் சாசனம் அந்த வேலியை எடுத்துவிட்டது. ஆனால், வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று வேண்டும். ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டிலும் ரசீது தராத விடுதியிலும் இருப்பவர், பத்து வருடம் இங்கே உழைத்தாலும், ஆள் கணக்கில் வருகிறார். ஊர்க் கணக்கில் வருவதில்லை.

சிங்கப்பூரில் 2020-இல் கோவிட் பரவியபோது நம்மூர்த் தொழிலாளர்கள் உட்படப் பல்லாயிரம் பேர் விடுதிகளில் அடைபட்டார்கள். அதன்பிறகு அந்த நாடு, புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று எழுதிவைத்தது; 2023-இலிருந்து ஏழு படுக்கை உள்ள சிறு விடுதியும் அதன் விடுதிச் சட்டத்துக்குள் வந்தது. பிறநாட்டார் தங்கும் படுக்கையை அவர்களால் எண்ண முடிகிறது. நம் மக்களை நாம் எண்ண முடியாதா?

செய்யவேண்டியவை பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒரு பக்க வாடகை ஒப்பந்தத்தை ஊராட்சி அலுவலகத்திலேயே பதிவு செய்ய வழி வேண்டும். விடுதி ரசீதை முகவரிச் சான்றாக ஏற்க வேண்டும். வேலை போனாலும் படுக்கையைக் காலி செய்ய ஒரு மாத அவகாசம் சட்டத்தில் இருக்க வேண்டும். வாடகையையே பென்ஷனாக நம்பி நாலு அறை கட்டும் ஊர்க்காரருக்கு, கழிவறையும் காற்றோட்டமும் சரியாக இருந்தால், வட்டி குறைந்த கடன் தரலாம். 18,720 படுக்கைகளை ஒரே இடத்தில் குவிப்பதைவிட அவை பல ஊர்களில் பரவியிருப்பது தொழிலாளிக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ஆலைக்கு நிலம் ஒதுக்கும்போது எத்தனை மெகாவாட் மின்சாரம், எத்தனை லிட்டர் தண்ணீர் என்று கேட்கிற அரசு, அதே விண்ணப்பத்தில் எத்தனை பேருக்கு எங்கே வீடு என்றும் கேட்கட்டும். அதற்குப் பதில் இல்லாத முதலீட்டை வேலைவாய்ப்பு என்று விளம்பரம் செய்வதை அதுவரை நிறுத்திவைக்கலாம்.