ஊரில் தூறல்கூட இல்லை, ஆற்றில் மட்டும் வெள்ளம்! பொதட்டூர்பேட்டை பகுதி மக்கள் மழை அறிவிப்பை பார்ப்பது எப்படி?

பொதட்டூர்பேட்டை:

அக்டோபர் பிறந்துவிட்டால் பொதட்டூர்பேட்டை டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். "இந்த வாரம் மழை உண்டா, இல்லையா?"

தறி ஓட்டுபவருக்கும் இதற்கு பதில் வேண்டும். நெல் அறுக்க நாள் பார்ப்பவருக்கும் வேண்டும். விடியற்காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ் ஏறுபவருக்கும் வேண்டும்.

செல்போனில் 'திருவள்ளூர் மாவட்டத்தில் கனமழை' என்று செய்தி வரும். அன்றைக்கு பார்த்து இங்கே வெயில் கொளுத்தும். 'சும்மா சொல்றாங்கப்பா' என்று அடுத்த அறிவிப்பை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரே மாவட்டம், இரண்டு வானம்

திருவள்ளூர் மாவட்டம் கிழக்கே பழவேற்காடு கடற்கரையில் தொடங்கி மேற்கே பள்ளிப்பட்டு மலையடிவாரம் வரை சுமார் 90 கிலோ மீட்டர் நீண்டு கிடக்கிறது. வடகிழக்கு பருவமழை மேகம் வங்கக்கடலில் இருந்து வருவது. பல நாட்களில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டியிலேயே கொட்டி தீர்த்துவிட்டு, இந்த பக்கம் வரும்போது காலியாகிவிடும். மாவட்டத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது என்பது இதனால்தான்.

அறிவிப்பில் வரும் வார்த்தைகளுக்கும் கணக்கு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்த பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்வாசிக்குள்தான் மழை பதிவாகும் என்று அர்த்தம். 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்று போட்டால் அன்றைக்கு யாரும் தப்ப முடியாது.

24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21-ஐ தொட்டால் அதி கனமழை. காலை 8.30 மணிக்கு அளந்து முந்தைய நாள் கணக்கை முடிப்பார்கள்.

'7 செ.மீ. எல்லாம் ஒரு மழையா' என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். 7 செ.மீ. என்றால் 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 23 லாரி போதாது!

ஆந்திராவில் மழை, இங்கே வெள்ளம்

பள்ளிப்பட்டு தாலுகாவுக்கு உண்மையான ஆபத்து தலைக்கு மேலே இல்லை, எல்லைக்கு அந்த பக்கம் இருக்கிறது.

ஆந்திராவில் கார்வேட்நகரம் அருகே இருக்கிறது கிருஷ்ணாபுரம் அணை. அம்மபள்ளி அணை என்றும் சொல்வார்கள். சித்தூர் பக்கத்து மலைகளில் பலத்த மழை பெய்து அணை நிரம்பினால் உபரி நீரை திறந்துவிடுவார்கள். அந்த தண்ணீர் நேராக பள்ளிப்பட்டு வழியாக கொசஸ்தலை ஆற்றில் பாயும். ஊரில் ஒரு சொட்டு மழை இருக்காது, ஆற்றில் இரு கரையும் தொட்டு ஓடும்.

2021 நவம்பரில் இதுதான் நடந்தது. நெடியம், சாமந்தவாடா பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கின. பள்ளிப்பட்டுக்கு போக வேண்டிய கிராம மக்கள் பல கிலோ மீட்டர் சுற்றிப்போக வேண்டி வந்தது. நிவர் புயல் வந்த 2020 நவம்பரிலும் இதே கதிதான்.

அந்த வெள்ளம் அதோடு நிற்கவில்லை. பூண்டி ஏரிக்கு போய் சேர்ந்தது. பூண்டியின் முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3 ஆயிரத்து 231 மில்லியன் கன அடி. அது தாங்காமல் திறந்த உபரி நீர் 2021-ல் மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது. ஆரணி ஆற்றிலும் இதே கதைதான். ஆந்திராவின் பிச்சாட்டூர் ஏரி திறந்தால் ஊத்துக்கோட்டை, பொன்னேரி பக்கம் தவிக்கும்.

ஆகவே வாரத்து மழை நிலவரம் பார்ப்பவர்கள் சென்னை வானிலை மையத்தின் திருவள்ளூர் வரியோடு நிறுத்தக்கூடாது. அமராவதி வானிலை மையம் சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கு என்ன நிறம் போட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டது, பலர் இன்னும் சித்தூரை மட்டும் பார்க்கிறார்கள்.

மஞ்சள் என்றால் நிலவரத்தை கவனித்துக்கொண்டே இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. திருவள்ளூர் மஞ்சளாக இருந்து சித்தூர் சிவப்பாக இருந்தால், பள்ளிப்பட்டு ஆற்றோரத்துக்கு அது சிவப்புதான்.

எத்தனை நாளை நம்பலாம்?

முதல் இரண்டு, மூன்று நாள் கணிப்பு பெரும்பாலும் பலிக்கும். ஐந்தாவது, ஆறாவது நாள் மாறிக்கொண்டே இருக்கும். அதிலும் கடலில் காற்றழுத்த தாழ்வு பகுதி உருவாகி இருந்தால் தினமும் புதிதாக பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் கரையை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் சென்னையையும் திருவள்ளூரையும் அதற்கு முன்பே மூழ்கடித்துவிட்டது. புயல் எங்கே கரை கடக்கும் என்பதை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

தறிக்காரர்களுக்கு முதல் மூன்று நாள் கணக்கே போதும். ஈரக்காற்றில் கஞ்சி போட்ட பாவு காயாது, இழை அறுந்துகொண்டே இருக்கும், நாள் கூலி அடிபடும். மழைக்கு முன்பே பாவு, நூல் பைகளை தரையில் இருந்து ஒரு அடியாவது உயர்த்தி வைப்பது நல்லது. தறிக்கூடத்தில் தண்ணீர் புகுந்தால் மெயினை அணைக்காமல் மோட்டார் பக்கம் போகவே கூடாது. தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சை தொடுவதும் ஆபத்து. மின்சார புகாருக்கு 94987 94987.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது 'பைக்ல ஒரே தூக்குல தாண்டிடலாம்' என்று இறங்குபவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். முழங்காலுக்கு கீழே வேகமாக ஓடும் தண்ணீரே ஆளை சாய்த்துவிடும். அடியில் பாலம் அரித்துப்போயிருந்தால் மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

ஆற்றில் திடீரென தண்ணீர் நிறம் மாறி செம்மண்ணாக வந்தாலோ, குப்பை கூளம் அடித்துக்கொண்டு வந்தாலோ, மேலே அணை திறந்தார்களா என்று மாவட்ட கட்டுப்பாட்டு அறையில் 1077 எண்ணில் கேட்டு தெரிந்துகொள்ளலாம். ராத்திரியிலும் இந்த எண்ணில் பேசலாம்.