விக்டோரியா காலத்து நாணயங்கள்

பழைய நாணயங்களைச் சேர்ப்போர் பலர். அவற்றைப் படிப்போர் சிலரே. படிக்கப் பழக விரும்பும் மாணவர்க்கு, 1837 முதல் 1901 வரை பிரிட்டனை ஆண்ட விக்டோரியா அரசியாரின் நாணயங்கள் மிகவும் ஏற்றவை. தேய்ந்த வெண்கலப் பென்னிகள் இன்றும் எளிய விலைக்குக் கிடைக்கின்றன. 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். அந்தப் பவுன் மதிப்புள்ள ‘சாவரின்’ என்னும் பொற்காசின் எடை 7.99 கிராம். நம் வீடுகளில் 8 கிராம் தங்கத்தைச் சவரன் என்றும் பவுன் என்றும் சொல்வது இதனாலேயே.

முதலில் முகத்தைப் பாருங்கள். 1838இல் வில்லியம் வயன் அமைத்த இளமை முகம். 1887இல் பொன்விழாவுக்கென ஜோசப் போம் அமைத்த, சிறு மகுடம் தரித்த முகம். 1893இல் தாமஸ் பிராக் அமைத்த, முக்காடிட்ட முதுமை முகம் என மூன்று உண்டு. ஆனால் வெண்கலக் காசுகளில் இரண்டாம் முகம் இடம்பெறவே இல்லை. 1860இல் தொடங்கிய கொண்டை முகம் 1894 வரை நீடித்தது; 1895இல் முக்காட்டு முகம் வந்தது. ஆகவே, பொன்விழா முகம் தாங்கிய வெண்கலப் பென்னியை ஒருவர் விற்க வந்தால், வாங்காமல் திரும்பிவிடலாம்.

அடுத்து எழுத்துகள். 1849இல் வெளிவந்த இரண்டு ஷில்லிங் காசில் ‘இறையருளால்’ என்னும் இலத்தீன் தொடர் விடுபட்டது. மக்கள் அதனைக் ‘கடவுளற்ற காசு’ என்றனர். 1851இல் வந்த புதிய காசில் அத்தொடர் மீண்டும் இடம்பெற்றது. நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. ‘இந்தியப் பேரரசி’ என்னும் பட்டம் 1876இல் சட்டமாயிற்று. 1877 முதல் இந்திய ரூபாயில் ‘எம்ப்ரஸ்’ என்று பொறித்தார்கள். ஆனால் பிரிட்டனின் சொந்தக் காசில் அப்பட்டத்தைக் குறிக்கும் ‘இண்ட் இம்ப்’ என்னும் எழுத்துகள் 1893இல்தான் ஏறின. நாம் விடுதலை பெற்றபின், 1949ஆம் ஆண்டுக் காசுகளில் அவை மறைந்தன. ஒரு பேரரசின் எழுச்சியும் முடிவும் ஆறு எழுத்துகளில் அடங்கிவிட்டன!

மூன்றாவது உலோகம். ஷில்லிங்கில் 92.5 விழுக்காடு வெள்ளி; புதிதாக இருந்தபோது எடை 5.65 கிராம். நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால் ஏறத்தாழ 0.55 கிராம் குறையும். அதாவது அடர்த்தி சுமார் 10.3. செம்பும் நிக்கலும் கலந்த போலியின் அடர்த்தி 9ஐ எட்டாது. புழக்கத்தில் தேய்ந்த காசின் எடை குறையும், அடர்த்தி மாறாது. ஆய்வுக்கூடத் தராசு இருக்க, கடைக்காரர் சொல்லை மட்டும் நம்புவானேன்?

இறுதியாக ஓர் எச்சரிக்கை. குத்துவிளக்கைப் போல் காசையும் புளியிட்டுத் துலக்காதீர்கள். புளியின் அமிலம் அழுக்கோடு உலோகத்தின் மேற்பரப்பையும் அரித்துவிடும். தேய்ப்பதால் கீறல் விழும். பல்லாண்டு காற்றுப்பட்டுப் படிந்த கருமைதான் காசின் வயதுக்குச் சான்று. அதனை இழந்தால் விலையும் பெரிதும் விழும். காசை விளிம்பில் பிடியுங்கள். உலர்ந்த காகித உறையில் இடுங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் சிதைந்து காசில் பச்சைக் கறையை உண்டாக்கும்.

நூறு காசுகளைக் குவித்து வைப்பதினும், பத்துக் காசுகளை ஐயமின்றி அறிந்திருப்பதே மாணவர்க்கு அழகு. நாணயம் என்னும் சொல்லுக்கு நேர்மை என்ற பொருளும் உண்டு. துலக்காமல் விட்ட காசு அந்தப் பெயருக்கு ஏற்ப நடக்கும்.