பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடையைத் தேர்ந்தெடுத்தல்

குவாட் 2 என்பது இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1953இல் அறிமுகப்படுத்திய 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஆகும். இத்தகைய பழைய கருவிகளில் பெரும்பாலும் மின்தேக்கிகளே முதலில் கெடுகின்றன. மின்தேக்கி கசிந்தால் வால்வு அளவுக்கு மீறிச் சூடாகும். எளிதில் கிடைக்காத டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோகலாம். எனவே, கருவியை வாங்கியதும் நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் கடையைத் தவிர்க்க வேண்டும்.

நல்ல கடையில் மின்தேக்கிகளையும் மின்தடைகளையும் முதலில் அளந்து பார்ப்பார்கள். பிறகே சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுப்பார்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவார்கள். "முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாலே கடையின் தரம் தெரிந்துவிடும்.

எச்சரிக்கை: அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். பயிற்சி இல்லாதவர்கள் கருவியைத் திறக்கக் கூடாது.