மாற்றுவது மஜ்ஜையை, ஆபத்து நுரையீரலுக்கு!

நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உண்டாகின்றன. இரத்தப் புற்றுநோய் தோன்றும் இடமும் அதுவே. கெட்டுப்போன மஜ்ஜையை அழித்துவிட்டு, வேறொருவரின் நல்ல மஜ்ஜையை அளித்தால் நோய் தீருமல்லவா? அமெரிக்க மருத்துவர் டொன்னால் தாமஸ் இவ்வாறே எண்ணினார். 1957 இல் தம் முதல் முயற்சிகளை வெளியிட்டார். பின்னர் சியாட்டில் நகரில் இச்சிகிச்சையை வளர்த்து, 1990 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆயினும் தொடக்கக் காலத்தில், புற்றுநோயிலிருந்து தப்பிய பலர் நுரையீரல் அழற்சியால் மாண்டனர். மஜ்ஜையை மாற்றினால் நுரையீரல் ஏன் கெட வேண்டும்?

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொரு மூச்சிலும் காற்றோடு கிருமிகளும் காளான் வித்துகளும் அங்கே நுழைகின்றன. அவற்றை அழிக்கும் காவலர்கள் வெள்ளணுக்கள். பழைய மஜ்ஜையை ஒழிக்கக் கொடுக்கும் கடும் மருந்துகளும் கதிர்வீச்சும் இக்காவலர்களையும் ஒழித்துவிடுகின்றன. நுரையீரலின் மெல்லிய திசுக்களையும் புண்படுத்தக்கூடும். புதிய மஜ்ஜை, இரத்தம் ஏற்றுவதுபோலச் சிரை வழியே செலுத்தப்படுகிறது. அதன் அணுக்கள் தாமே எலும்புகளைச் சென்றடைகின்றன. ஆனால் அவை வேரூன்றி வெள்ளணுக்களைத் தர 2 முதல் 4 வாரங்கள் ஆகும்.

ஆகவே முதல் மாதத்தில் பாக்டீரியாக்களும் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற காளான்களும் தாக்குகின்றன. இரண்டாம், மூன்றாம் மாதங்களில் சைட்டோமெகலோ வைரஸ் தலைதூக்குகிறது. இது நம்மில் பலருடைய உடலில் தீங்கின்றி உறங்கிக் கிடப்பது. காவல் தளர்ந்ததும் விழித்துக்கொள்கிறது! 100 நாட்களுக்குப் பின் வரும் ஆபத்தோ விந்தையானது. கொடையாளியின் மஜ்ஜையிலிருந்து வந்த வெள்ளணுக்களுக்கு நோயாளியின் உடலே அந்நியமாகத் தோன்றலாம். அவை தாக்கினால் மூச்சுச் சிறுகுழல்கள் தழும்பேறிக் குறுகிவிடும்.

எந்தக் காலத்தில் எந்தப் பகைவன் வருவான் என்று தெரிந்ததால் மருத்துவர்கள் முந்திக்கொள்ள முடிந்தது. ஒரு காலத்தில் சைட்டோமெகலோ வைரஸ் நுரையீரல் அழற்சி கண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நோய் முற்றிய பிறகு மருந்து கொடுத்துப் பயன் குறைவு. அறிகுறி தோன்றுமுன்னரே வைரஸைச் சோதனையில் கண்டுபிடித்து, கான்சைக்ளோவிர் என்னும் மருந்தைக் கொடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்பதை 1991 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அதன்பின் இந்நோய் வெகுவாகக் குறைந்தது.

தழும்பேறிய சிறுகுழல்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மட்டும் இன்றும் அரிது. அதனால்தான், நலமாக வீடு திரும்பியவரையும் மருத்துவர் அடிக்கடி அழைத்து, ஒரு கருவியில் வேகமாக ஊதச் சொல்கிறார். முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு முன்னைவிடக் குறைந்திருந்தால், மூச்சுத் திணறல் தெரியாதபோதே சிகிச்சை தொடங்குகிறது.

இருமல் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. அந்த முன்னெச்சரிக்கையே பல உயிர்களைக் காக்கிறது.