தலை நிமிர்ந்து மேயும் பிராணி

எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு, முதன்முதலாக ஆடு வாங்கும் உத்தேசத்தோடு ஒருவர் பொழுது புலர்வதற்கு முன்பே போய் நிற்பாராகில், கரிசல் மண்ணின் புழுதியும், எண்ணிறந்த ஆடுகளின் கூக்குரலும், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வியாபாரிகளின் மௌனமும் ஒன்றுசேர்ந்து அவரைத் திகைக்க வைத்துவிடும். அப்படித் திகைத்து நின்ற என்னை, ஆயுள் முழுவதையும் ஆடுகளோடு கழித்த அண்டைவீட்டுப் பெரியம்மாதான் கையைப் பற்றி அழைத்துப் போனார். “வெலைய அப்புறம் கேப்போம், தம்பி, மொதல்ல வாயத் தெறந்து பாரு” என்றார்.

ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. கீழே உள்ள எட்டே அதன் ஜாதகம். எட்டும் சிறிய பால்பற்களாக இருந்தால் அது ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி. நடுவில் இரண்டு மட்டும் பெரிதாக முளைத்திருந்தால் வயது ஒன்றைக் கடந்துவிட்டது. பின்னர் ஜோடி ஜோடியாக ஏறி, எட்டும் நிறைவதற்கு நாலு வயதாகும். புதிதாக வளர்ப்பவர் இரண்டு பல் அல்லது நாலு பல் போட்ட பெட்டையை வாங்குவதே உசிதம். பிறகு கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். உட்புறம் செவேலென்று இருந்தால் ரத்தம் நிறைவாக இருக்கிறது. வெளுத்திருந்தால் குடற்புழு அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடும் பால்கன்னியில் ஒன்றும், அக்கோடு செந்நிறமாக உள்ள செங்கன்னியில் ஒன்றுமாக இரண்டு பெட்டைகளை வாங்கினோம். கன்னியாடு அந்த மண்ணிலேயே பிறந்து, அந்த வெயிலையே உண்டு வளர்ந்த ஜாதி. இரண்டாக வாங்கியதற்கும் காரணம் உண்டு: ஆடு மந்தைப் பிராணி, தனியாகக் கட்டப்பட்ட ஆடு இரவெல்லாம் கத்திக் கத்தி இரையும் கொள்ளாமல் இளைத்துப்போகும்.

வந்த ஆடுகளை உடனே ஊர் மந்தையோடு சேர்த்துவிடலாகாது. ஏறக்குறைய ஒரு மாதம் அவற்றை ஒதுக்கி வைத்துக் கவனித்து, குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் முடித்த பிறகே சேர்க்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது 1987ஆம் வருஷம், நம் விழுப்புரத்துப் பக்கத்து அரசூர் கிராமத்தில்தான். இப்போது அதற்கு ஒரு முறை ஊசி போட்டால் சுமார் மூன்று வருஷங்களுக்குக் காப்பு இருக்கிறது. துள்ளுமாரி நோய்க்கோ வருஷந்தோறும் மழைக்காலத்துக்கு முன் போட்டாக வேண்டும்.

இவற்றையெல்லாம் குறைவின்றிச் செய்த நாங்கள், தவறிழைத்தது பிரியத்தினால். அவ்வருஷப் பொங்கலன்று, வீட்டுக் குழந்தைகள் மீந்துபோன சோற்றையும் பொங்கலையும் செங்கன்னியின் முன் அள்ளி அள்ளி வைக்க, அதுவும் ஆசையோடு தின்றது. மறுநாள் காலையில் இடது விலா உப்பி, அசைபோடுவதை நிறுத்தி, பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. ஆட்டின் வயிற்றில் உள்ள நான்கு அறைகளுள் பெரியதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்ந்து, நார்மிகுந்த தழையை நிதானமாகப் புளிக்கச் செய்து அதற்கு ஆகாரமாக்குகின்றன. மாவுப்பொருள் திடீரென்று குவிந்தாலோ அங்கே அமிலம் பெருகி, அந்நுண்ணுயிர்கள் மடிந்து, அமிலம் ரத்தத்திலும் கலந்து, ஒன்றிரண்டு நாட்களிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கால்நடை மருத்துவர் வந்து சோடா உப்பைக் கரைத்துப் புகட்டி, ஊசியும் போட்டு, மூன்று நாட்கள் கழித்தே நம்பிக்கை சொன்னார். அந்த மூன்று இரவுகளும் தொழுவத்திலேயே படுத்திருந்த பெரியம்மா எங்களை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. நாலாம் நாள் அது மறுபடி அசைபோடத் தொடங்கியபோது, “சோறு நமக்கு, கொழை அதுக்கு, மாத்திப் போட்டா ரெண்டு பேருக்கும் ஆகாது” என்று மட்டும் சொன்னார்.

அன்றுமுதல் எங்கள் அன்பு தழை பறிக்கும் தொரட்டிக் கம்பின் வழியாகவே செல்லத் தொடங்கிற்று. மாடும் செம்மறியும் குனிந்து புல் மேய்பவை. வெள்ளாடோ தலை நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தூக்கி, கொழுந்தை எட்டிப் பறிப்பதில்தான் திருப்தி காணும். ஆகையால் அகத்தியையும் வேம்பையும் தரையில் இறைக்காமல் கொத்தாகக் கட்டி அதன் முக உயரத்தில் தொங்கவிட வேண்டும். மிதிபட்ட தழையை அது முகர்ந்தும் பாராது. வெள்வேல், கருவேல நெற்றுக்களைக் கோடைக்கென்று சேமித்து வைக்கலாம். பூக்காத இளஞ்சோளத்தில் மட்டும் வாய் வைக்க விடக் கூடாது, அதில் விஷம் உண்டு. பனி உலர்ந்த பிறகே மேய்ச்சலுக்கு அனுப்ப வேண்டும். ஈரப் புல்லின் நுனியில்தான் புழுவின் இளம்பருவங்கள் ஏறிக் காத்திருக்கின்றன.

சினையாடு ஏறக்குறைய 150 நாட்களில் ஈனும். செங்கன்னி ஆனி மாதத்து நள்ளிரவில் இரட்டைக் குட்டி போட்டது. முதல் குட்டி தானே எழுந்து மடியைத் தேடிற்று. இரண்டாவது நிற்க மாட்டாமல் சரிந்தது. தொப்புளுக்கு மருந்து தடவி, சாக்கினால் ஈரத்தைத் துடைத்து, அரை மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும் என்று அதைத் தாங்கிப் பிடித்துக் காம்பை வாயில் வைத்தோம்; வெகுநேரம் சென்றபின் வாலை ஆட்டிற்று. மூன்றாவது வாரம், தொங்கவிட்ட அகத்திக் கொத்தின் கீழே அந்த நோஞ்சான் குட்டி சுவரில் முன்னங்கால்களை ஊன்றி, தலையை நிமிர்த்தி, தாய் விட்டுவைத்திருந்த ஒற்றை இலையை எட்டிப் பிடித்துவிட்டது.