பண்ணைப் பதிவுகளுக்குப் பல குதிர்

விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பது ஆபத்து என்பதை விவசாயிகள் அறிவர். ஒன்றில் அந்துப்பூச்சி விழுந்தாலும் மற்றது மிஞ்சும். மண் பரிசோதனை முடிவு, மழையளவு, பயிர்ப் படங்கள், விற்பனைக் கணக்கு ஆகியவை இன்று கணிப்பொறியில் சேமிக்கப்படுகின்றன. பெரும்பாலும் அவை ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. அந்நிறுவனம் மூடப்பட்டால் பல ஆண்டுப் பதிவுகள் கைவிட்டுப் போகும். இதற்கு மாற்றாக வந்துள்ளதே பரவல் முறைச் சேமிப்பு.

இம்முறையில் நன்கு அறியப்பட்டது 'ஃபைல்காயின்'. அமெரிக்காவில் ஜுவான் பெனட் 2014-ல் தொடங்கிய புரோட்டோகால் லேப்ஸ் நிறுவனம் வடிவமைத்த இது, 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பல நாடுகளில் உள்ளவர்கள் தங்கள் கணிப்பொறிகளின் காலி இடத்தை இதன் மூலம் வாடகைக்கு விடுகின்றனர்.

வாடகை பெற்றவர் சரக்கை உண்மையில் வைத்திருக்கிறாரா? அவர் முதலிலேயே ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். சரக்கு இருப்பதை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கணித முறையில் மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் ஈட்டில் அபராதம் பிடிக்கப்படும். இவை பதிவாகும் பொதுக் கணக்கேடே 'பிளாக்செயின்'. அதன் நகல் பல கணிப்பொறிகளில் இருப்பதால் தனியொருவர் திருத்துவது மிகக் கடினம். பெரிய படங்களை இவ்வேட்டில் எழுதினால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் எழுதப்படும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இக்குறியீடு மாறிவிடும்.

சேமித்தால் போதாது, கணக்கிட்டுப் பயன் காண வேண்டும். கதிர்க்கட்டுகளைத் தொலைவுக்குச் சுமப்பதைவிடக் கதிரடிக்கும் இயந்திரத்தைக் களத்துக்கு வரவழைப்பது சிக்கனம். அதுபோலத் தரவு இருக்கும் இடத்துக்கே கணிப்பு நிரலை அனுப்பும் திட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'பாக்கல்யாவ்'. போர்த்துக்கீசிய மொழியில் அது ஒருவகைக் கருவாட்டின் பெயர்! 2023 மார்ச் முதல் ஃபைல்காயின் ஏட்டிலேயே ஒப்பந்த நிரல்களையும் இயக்கலாம். ஆனால் சரக்கு இருப்பதை மெய்ப்பிப்பதைவிடக் கணக்கு சரி என்று மெய்ப்பிப்பது கடினம். ஒரே கணக்கைப் பல இயந்திரங்களில் போட்டு ஒப்பிடலாம். செலவும் அதற்கேற்பக் கூடும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. எழுதியது மாறவில்லை என்பதற்கே இம்முறை உறுதி. எழுதியது உண்மை என்பதற்கு அன்று. மர நிழலிலும் எருக்குழி ஓரத்திலும் மண் மாதிரி எடுத்தால், அந்தத் தவறான முடிவும் அழியாமல் நிற்கும். மேலும், சேமிப்போரே பூட்டாவிட்டால் பிறர் கோப்பைப் படிக்க இயலும். வெளியே பரவியதைத் திரும்பப் பெற வழியில்லை. பூட்டிய சாவிச் சொல் தொலைந்தால் மனுக் கொடுக்க எந்த அலுவலகமும் கிடையாது. வாடகைக்குத் தவணையும் உண்டு. புதுப்பிக்காவிட்டால் சரக்கைக் காக்கும் கடமை யாருக்கும் இல்லை. நாணய மதிப்பும் ஏறி இறங்கும்.

எனவே இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக இதில் இறங்கத் தேவையில்லை. பல நூறு உறுப்பினர்களின் கணக்கை வைத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆராய்ந்து பார்க்கலாம். சேர்க்கச் சொல்லி எவரேனும் வந்தால், கோப்பைப் பூட்டுவது யார், சாவி யாரிடம், தவணையைப் புதுப்பிப்பது யார் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பட்டா, ஆதார் நகல்களைக் கொடுக்க வேண்டாம். மண் பரிசோதனை அட்டையின் தாள் பிரதியை வழக்கம்போல் வீட்டிலும் பத்திரப்படுத்தவும்.